வெறும் நிலமும் வெற்று விடையும்: புவியியல் வினவல் மொழிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

புவியியல் தரவுகளை இணையத்தின் வழியே வினவி ஆராய்வதற்கென உருவாக்கப்பட்டுள்ள மொழிகளைப் பற்றி எழுதுதல் கணினியியலாளரின் கடமை என்றும், இலக்கிய மாணவர் அதனுட் புகுதல் எல்லை கடந்த செயல் என்றும் கருதப்படலாம். ஆயின் அவை மொழிகள் எனப்படுகின்றன. அவற்றுக்குச் சொற்றொகுதி உண்டு. வாக்கிய அமைப்பு உண்டு. எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லவியலாது என்ற வரையறையும் உண்டு. ஒரு சமூகத்தின் உற்பத்தி உறவுகள் அதன் மொழியிலும் இலக்கிய மரபிலும் எவ்வாறு படிந்துள்ளன என்று ஆராய்வது எமது துறையின் தொழிலாயின், காணி, கடல், கிணறு, வீடு ஆகியவற்றைக் குறித்துப் பேசுவதற்கு இன்று உலகெங்கும் அரசுகளும் நிறுவனங்களும் கையாளும் மொழிகளை அவ்வாய்வுக்குப் புறத்தே விடுவதற்கு நியாயமில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தை முன்னிறுத்தி அவற்றை வாசிக்க இக்கட்டுரை முயல்கின்றது.

வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் கொட் என்பார் தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றிடை உள்ள தொடர்புகளாகவும் கொள்ளும் முறையை முன்வைத்தார். 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பொய்சும் அம்முறைக்குரிய வினவல் மொழி ஒன்றை வெளியிட்டனர். பின்னாளில் எஸ்.கியூ.எல். என வழங்கலாயிற்று அது. எதனை வேண்டுகின்றோம் என்று கூறினாற் போதும், எவ்வாறு தேடுவது என்பதைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்பதே இத்தகைய மொழிகளின் அடிப்படை. தம் மொழியைப் பயன்படுத்துவோருக்கு எடுத்துக்காட்டாகக் கணக்காளர், பொறியியலாளர், கட்டடக் கலைஞர், நகரத் திட்டமிடுவோர் ஆகியோரை அவ்விருவரும் சுட்டினர். வினவுவோர் யார், வினவப்படுவோர் யார் என்ற பிரிவினை தொட்டிலிலேயே இருந்ததை இங்குக் கவனித்தல் தகும். பின்னர் இம்மரபு நிலப்பரப்பை நோக்கி நீண்டது. செய்மதிப் படங்களை வினவுவதற்கான மொழி 2008இலும், பொருள்களிடை உள்ள இட உறவுகளை வினவும் ஜியோஸ்பார்க்கிள் 2012இலும் சர்வதேச நியமங்களாயின. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ரீற் மப் என்னும் திறந்த உலகப்படத்தை வினவுவதற்கு ஓவர்பாஸ் என்ற மொழி எழுந்தது. தீவகத்தைப் பற்றி எவரும் கட்டணமின்றிக் கேட்கக்கூடியது இவ்வோவர்பாஸ் மொழியிலேயே ஆதலின் நமது எடுத்துக்காட்டுகள் பெரிதும் அதனையே சாரும்.

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வட்டத்துள் உள்ள மருத்துவ நிலையங்களைக் கூறு என்று அம்மொழியில் ஒரு வாக்கியம் எழுதலாம். ஒரே வரி போதும். பொறி நேர்கோட்டிலே தூரத்தை அளந்து விடை தரும். அவ்வட்டம் கடலைத் தாண்டிக் காரைநகர்க் கரையையும் தழுவும். இடைப்பட்ட நீரை மிதவைப் படகினாற் கடத்தல் வேண்டும் என்பதும், படகு இல்லாத வேளையில் நோயாளி வேலணை வழியாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து, யாழ்ப்பாண நகரை அடைந்து, வட்டுக்கோட்டையும் பொன்னாலைப் பாலமும் கடந்தே அக்கரைக்குச் செல்லல் வேண்டும் என்பதும் அவ்வாக்கியத்துக்குப் புறம்பானவை. திறமையுள்ள ஒருவர் பாதைகளையும் படகு வழிகளையும் சேர்த்து இதனினும் நுட்பமாக வினவலாம் என்பது உண்மையே. எனினும் எளிய வாக்கியத்தில் தூரம் என்பது கடலற்ற, காலமற்ற, கூலியற்ற தூரமாகவே அமைந்துள்ளது. உழைப்பும் செலவும் கலந்த தூரத்தைக் கேட்பதற்குத் தனித்தேர்ச்சி வேண்டியுள்ளது.

இட உறவுகளைக் குறிக்கும் நியமச் சொற்கள் எட்டு. ஒன்று மற்றொன்றுக்குச் சமமாகலாம், அதனைத் தொடலாம், வெட்டலாம், கடக்கலாம், அதன்மேற் படியலாம், அதற்குள் அடங்கலாம், அதனை அடக்கலாம், அல்லது முற்றிலும் விலகி நிற்கலாம். இவ்வெட்டும் கூர்மையான எல்லைக் கோடுடைய உருவங்களுக்கே பொருந்துவன. எல்லை ஆண்டு முழுவதும் ஒன்றே. எல்லைக்குட்பட்டது ஒருவருக்கோ ஒன்றுக்கோ உரியது. வேலியிட்ட காணியின் இலக்கணம் இது எனின் மிகையாகாது. தீவகக் கடற்றொழிலாளர் கடலை அறிந்துள்ள முறை வேறு. கரைவலைக்குரிய பாடு, களங்கண்ணி நாட்டும் ஆழமற்ற பரப்பு, சிறகுவலைக்குரிய இடம் என்பன காற்றோடும் நீரோட்டத்தோடும் பருவத்தோடும் கூட்டுறவு முறைகளோடும் பிணைந்தவை. கச்சான் காலத்து உரிமை சோளகக் காலத்தில் அவ்வாறே நில்லாது. அதனை ஒரு பல்கோணியாக வரைந்துவிட்டால் உரிமையின் ஒரு கணமே பதிவாகும், உரிமை பதிவாகாது.

இவ்விடத்திற் சங்க இலக்கியத் திணைக் கோட்பாட்டை நினைவுகூர்தல் பொருத்தமாகும். தொல்காப்பியர் காலத்திலேயே தமிழர் புவியியல் தகவல் முறைமையைக் கண்டுவிட்டனர் என்று முழங்குவோர் இன்று உளர். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி திணைக் கோட்பாடு குறித்து 1974இல் வெளியிட்ட ஆய்வு அதனைத் தென்னிந்தியாவின் ஏற்றத்தாழ்வான சமூக வளர்ச்சியோடு இணைத்து விளக்கியது. நிலப்பாகுபாடு எனத் தோன்றுவது உண்மையில் உற்பத்தி முறைகளின் பாகுபாடு என்பதே அவ்வாய்வு நமக்கு அளித்த அணுகுமுறை. அதே அணுகுமுறை இங்கும் வேண்டப்படும். மற்றொன்றும் உளது. தொல்காப்பியத்தில் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் வகுக்கப்பட, பாலைக்குத் தனி நிலம் வகுக்கப்படவில்லை. எனினும் பாலை ஒரு திணையே. பிரிவு என்னும் மனித அனுபவம் அதன் உரிப்பொருள். நிலமின்றியும் ஒரு திணை இருக்கக்கூடும் என அப்பழைய இலக்கணம் ஒத்துக்கொண்டது. நமது காலத்து உலகப்படத் தரவுத்தளமோ புள்ளியாகவோ கோடாகவோ அவற்றின் தொகுதியாகவோ வரைய முடியாத எதனையும் ஏற்பதில்லை. ஆயத்தொலை அற்றது அங்கு இல்லாதது.

நமது வாதத்தின் மையம் இவ்வில்லாமையே. பொறியிடம் ஒன்றைக் கேட்கின்றோம். அது வெற்று விடை தருகின்றது. அவ்வெறுமைக்கு இரு பொருள் உண்டு. கேட்ட பொருள் உலகில் இல்லை என்பது ஒன்று. உலகில் உண்டு, எவரும் பதியவில்லை என்பது மற்றொன்று. தருக்கவியலாளர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். 1978இல் றேமன்ட் றைற்றர் என்பார் தரவுத்தளத்தில் மெய்யென நிறுவப்படாத யாவும் பொய் எனக் கொள்ளும் வழக்கை ஆராய்ந்து அதற்கு 'மூடிய உலக எடுகோள்' எனப் பெயரிட்டார். விமானப் பயண அட்டவணைக்கு அது பொருந்தும். அட்டவணையில் இல்லாத விமானம் புறப்படாது. பின்னர் எழுந்த இணையத் தரவு மரபு இதற்கு மாறாகத் திறந்த உலகத்தை எடுகோளாகக் கொண்டது. கூறப்படாதது பொய்யாகாது, அறியப்படாததே ஆகும். ஆனால் வேடிக்கை யாதெனின், அம்மரபுக்குரிய வினவல் மொழியிலும் 2013ஆம் ஆண்டு நியமத்தின்படி 'இல்லாதவிடத்து' என்ற சொல் இடம்பெற்றது. கையிலுள்ள தரவில் இல்லாததையே அது இல்லாதது எனக் கொள்கின்றது. கோட்பாட்டளவில் திறந்த உலகம் நடைமுறையில் மூடிக்கொள்கின்றது.

இலங்கையின் காணி வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வெடுகோள் புதியதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, ஆளப்படாத அல்லது பயிரிடப்படாத நிலம் யாவும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. சான்று காட்டும் பொறுப்பு குடியானவன் தலையிலே சுமத்தப்பட்டது. அவனது உரிமை வழக்கத்திலும் ஊரார் நினைவிலும் இருந்தது, ஏட்டில் இல்லை, ஆகவே இல்லை. இரண்டாண்டுகளின் பின், 1842இல், இளைஞரான மார்க்ஸ் றைன் பிரதேசத்து ஏழைகள் காட்டிற் சுள்ளி பொறுக்கும் வழக்குரிமை சட்டத்தினாற் களவாக மாற்றப்பட்டதைக் கண்டித்து எழுதியமை இதனோடு ஒப்பவைத்து நோக்கற்பாலது. இலங்கையில் 1840இன் தருக்கம் 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டத்திலும் 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்திலும் தொடர்ந்தது. அது பழங்கதை அன்று. 2025 மார்ச்சு 28ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுள் உரிமை கோரப்படாவிடின் அது அரசுக்குரியதாகும் எனக் கூறியது இந்த 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே. பலத்த எதிர்ப்பின் பின் அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. போரினால் உறுதிகளை இழந்தோர், நாடு கடந்தோர், முதுசக் காணியைப் பங்கிட்டுப் பதியாதோர் ஆகிய எல்லோரும் அம்மூன்று மாதத்தில் வெற்று விடைகளாகக் கூடியவர்களே.

இத்தருக்கம் இன்று கடலுக்குள்ளும் இறங்கியுள்ளது. கடந்த சில ஆண்டுகளாக யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் தீவகக் கரைகளிலும் கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. பண்ணைக்கு அனுமதி உண்டு. அனுமதிக்கு எல்லை உண்டு. எல்லை படத்திற் பல்கோணியாகின்றது. அதே நீரில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த சிறு தொழிலாளியின் பாடு படத்தில் இல்லை. அவனது வள்ளம் ஏறக்குறைய 18 அடி. மீற்றரிற் கூறின் ஐந்தரை. எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ஐரோப்பிய செய்மதிப் படத்தில் மிக நுண்ணிய பிக்சல் 10 மீற்றர். அமெரிக்க லான்ட்சற் படத்தின் பெரும்பாலான பட்டைகளில் அது 30 மீற்றர். ஒரு குடும்பத்தின் முழு உற்பத்திக் கருவியும் ஒரு பிக்சலின் பாதிக்குள் மறைந்துவிடும். பண்ணை அமைக்கத்தக்க ஆழமற்ற, தடையற்ற பரப்புகளைக் காட்டு என்று வினவுபவருக்குப் பொறி பொய் சொல்லாது. அப்பரப்பு வெறுமையாகவே தெரியும்.

நெடுந்தீவின் மேய்ச்சல் வெளியும் இத்தகையதே. பசுமைச் சுட்டெண் எனப்படுவது செந்நிற ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் இலையிலிருந்து திரும்பும் அளவுகளை ஒப்பிட்டுக் காண்பது. ஆவணி மாதத்துப் படத்தை மட்டும் வினவினால் அத்தீவின் பெரும் பரப்பு வறள் நிலமாகத் தோன்றும். மாரி மழையின் பின் அங்கே மாடுகளும் மட்டக்குதிரைகளும் மேய்வதை அறிய வேறொரு மாதத்தைக் கேட்க வேண்டும். கேட்கவேண்டும் என்று முன்னரே அறிந்திருக்கவும் வேண்டும். 2021 சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரிய மின்னுற்பத்தித் திட்டத்தைச் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு வழங்க இலங்கை அமைச்சரவை தீர்மானித்தது, இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டின் இறுதியில் அது இடைநிறுத்தப்பட்டது, 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமாயிற்று. டீசற் பொறிகளை நம்பியிருந்த தீவு மக்களுக்கு நல்ல மின்சாரம் வேண்டாமென்பார் எவருமிலர். இதில் எந்த வினவல் மொழி பயன்பட்டது என்பதும் வினாவன்று. இரு வல்லரசுகளின் போட்டியில் அத்தீவுகள் காற்று வேகமாகவும் வெயில் அளவாகவும் பாதுகாப்புத் தூரமாகவுமே பேசப்பட்டன என்பதே நோக்கத்தக்கது. அவ்வாறு பேசுவதற்கு ஏற்ற சொற்கள் மொழியில் ஆயத்தமாக இருந்தன. மேய்ப்பவருக்குரிய சொல் ஆயத்தமாக இல்லை.

குற்றம் முழுவதையும் வெளியார் மேற் சுமத்திவிடுதல் நமது அறிவாளிகளுக்கு எளிதான வழக்கம். ஆகவே கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். நன்னீர் அரிதான தீவுகளிற் கிணறே வாழ்க்கையின் மையம். உலகப்படத்தில் ஒரு கிணற்றுக்கு இடம் குறிக்கலாம்; அதன் நீர் குடிக்கத்தக்கதா என ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றால் விடையளிக்கலாம்; அணுகுரிமை பற்றிய குறிச்சொல்லும் இணைக்கலாம். ஆனால் யாருக்கு ஆம்? யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் உயர்த்தப்பட்டோர் கிணற்றிலே பஞ்சமர் தாமே நீரள்ள இயலாதிருந்தது. பிறர் அள்ளி ஊற்றக் காத்து நின்றனர். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972), 'தண்ணீர்' ஆகிய நாவல்கள் இக்கொடுமையைப் பொருளாகக் கொண்டவை. தீவகமும் இதற்கு விலக்கன்று. களத்திலே எவரும் சென்று சரிபார்க்கக்கூடியதையே பதிக என்பது அவ்வுலகப்படத்தின் விதி. நல்ல விதியே, பொய்யைத் தடுப்பது. ஆயினும் கிணற்றுக்கட்டில் எழுதிவைக்கப்படாத தடையை அது எவ்வாறு சரிபார்க்கும்? அதன் அணுகுரிமைச் சொற்களுள் ஒன்று உளது: உரிமையாளர் அனுமதித்துள்ளார், எந்நேரமும் அவ்வனுமதியை மீளப்பெறலாம் என்ற பொருளுடையது. தனியார் நிலத்துப் பாதைகளை எண்ணி ஆக்கப்பட்ட அச்சொல் யாழ்ப்பாணத்துக் கிணற்றின் உண்மையை ஆக்கியோர் அறியாமலே சுட்டிவிடுகின்றது. உரிமைக்கும் தயவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இங்கு ஒரு குறிச்சொல் அறிந்துள்ளது. நமது ஊர்ப் படங்களை வரைபவர் எத்தனை பேர் அதனை இட முன்வருவர் என்பது நமது சமூகத்தின் மீதான வினா.

வீடுகளுக்கும் இது பொருந்தும். 1990 ஓகஸ்ற்றில் தொடங்கிய இராணுவ நடவடிக்கைகளாலும் அவற்றின் பின்விளைவுகளாலும் வேலணை, புங்குடுதீவு முதலிய தீவுகளின் மக்களிற் பெரும்பாலார் இடம்பெயர்ந்தனர். பலர் நாடு கடந்தனர். செய்மதிப் படத்தைப் பார்த்து வரைபவர் கூரையைக் கண்டால் வீடென வரைவார். கூரையற்ற சுவரைச் செடிகள் மூடியிருப்பின் வரையாது விடுவார். நேரிற் செல்பவர் பயனிழந்தது, கைவிடப்பட்டது, இடிபாடு என்ற மூன்று முன்னொட்டுகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். மூன்றும் கட்டடத்தின் நிலையைக் கூறுவன. கைவிடப்பட்டது என்னும் சொல்லிலே கைவிட்டவர் ஒருவர் எழுவாயாக மறைந்து நிற்கின்றார்; துரத்தியவருக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு செல்லும் படகு வழி படத்தில் ஒரு கோடு. அவ்வழியில் 1985 மே 15இல் குமுதினிப் படகிற் பயணம் செய்த 20க்கு மேற்பட்ட பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கோட்டுக்குப் பெயர் உண்டு, பயண நேரம் உண்டு. அதற்குமேற் கேட்க வழியில்லை.

மொழி இலவசமாயினும் பொறி எவருடையது என்பதையும் நோக்குதல் வேண்டும். கூகிளின் ஏர்த் எஞ்ஜினில் உலகின் பல பத்தாண்டுச் செய்மதிப் படங்களைச் சில வரிகளில் வினவலாம். ஆராய்ச்சியாளருக்குக் கட்டணம் இல்லை அல்லது குறைவு. படங்களிற் பல பொதுப்பணத்தில் எடுக்கப்பட்டவை. கணிக்கும் ஆலையோ தனியுடைமை. மறுபுறம், ஆயிரமாயிரம் தொண்டர் கூலியின்றி வரைந்த திறந்த உலகப்படத்தை அமேசன், மெற்றா, மைக்ரோசொவ்ற், ரொம்ரொம் ஆகியன 2022இற் கூட்டாக அமைத்த நிறுவனமொன்று தன் உற்பத்திக்கு மூலப்பொருளாகக் கொள்கின்றது. உரிமம் அதனை அனுமதிக்கின்றது. பொதுநிலம் இங்கு அடைக்கப்படவில்லை. அருகிலே பெரிய ஆலை எழுந்துள்ளது.

இவற்றையெல்லாம் கண்டு இம்மொழிகளைப் புறக்கணித்தல் வேண்டும் எனச் சில நண்பர் கூறுவர். குறிச்சொற்கள் பிரித்தானிய ஆங்கிலத்தில் இருப்பதே பிழையின் வேர், அவற்றைத் தமிழாக்கினாற் போதும் என வேறு சிலர் கூறுவர். இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. ஒல்லாந்தர் வேலணைக்கு லெய்டன் என்றும், காரைநகருக்கு அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் பெயரிட்டனர். நெடுந்தீவுக்கிட்ட டெல்வ்ற் என்ற பெயரே ஆங்கில வழக்கில் நிலைத்தது. பெயரை மாற்றியதாலன்று, தோம்பில் நிலத்தையும் ஆளையும் ஊழியத்தையும் பதிந்ததாலேயே அவர்கள் ஆண்டனர். குறிச்சொல்லைத் தமிழில் எழுதியபின்னும் பல்கோணி பல்கோணியே.

புறக்கணிப்போருக்குக் கூறவேண்டியது வேறு. ஓவர்பாஸ் வினவும் உலகப்படத்தில் எவரும் புதிய குறிச்சொல்லை ஆக்கலாம், தடை இல்லை. பாட்டையும் களங்கண்ணி நிலத்தையும் பருவத்தோடு பதிவதற்கு ஒரு சொல்வழக்கைத் தீவகக் கடற்றொழிலாளர் சங்கங்களே ஆக்கிக்கொள்ளக்கூடும். அடுத்த முறை பண்ணை அனுமதிக்கு இடம் தேடுபவரின் விடை அத்துணை வெறுமையாக இராது. ஆயின் இதிலும் ஒரு முரண்பாடு உளது. அதனை மறைத்தல் நேர்மையன்று. பதிவு சட்டத்தின் முன் சான்றாகும் அதே வேளையில், எங்கே மீன் உண்டு என்பதை எல்லோருக்கும் அறிவிக்கும். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தினாற் தடைசெய்தது; பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகள் அதனால் நின்றுவிடவில்லை. செய்மதி வழிகாட்டியுடன் வருபவனுக்குச் சிறு தொழிலாளியின் படம் பயன்படாது என எவரும் உறுதி கூறவியலாது. எதனைப் பதிவது, எதனைச் சங்கத்தின் கையேட்டிலேயே வைத்திருப்பது என்ற தெரிவு இதனால் எழுகின்றது. இத்தெரிவைப் பல்கலைக்கழகத்து வரைபடப் பயிற்சி வகுப்புகள் இதுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. மாணவர் தீவுக்குச் செல்கின்றனர். கோவிலையும் பள்ளியையும் கோட்டையையும் பெருக்கமரத்தையும் குறித்துத் திரும்புகின்றனர். துறையில் வலை பின்னுபவரிடம் எதைக் குறிக்கக்கூடாது என்று கேட்பதில்லை.

ஓவர்பாஸ் மொழியில் ஒரு திகதியைக் குறிப்பிட்டு, அன்று படம் எவ்வாறு இருந்தது எனக் கேட்கும் வசதி உண்டு. எவர் எதனைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பதை இதனாற் கண்டறியலாம். பெயர்ச் சண்டைகளில் இது பயனுடையது. ஆனால் அவ்வினா 2012 செப்ரெம்பருக்குப் பிற்பட்ட திகதிகளுக்கே செல்லும். 1990க்கு முன் புங்குடுதீவில் எத்தனை வீடுகள் நின்றன என்பதற்குரிய சான்று பெட்டகங்களில் எஞ்சிய உறுதிகளிலும், கிராம அலுவலரின் பழைய பதிவுகளிலும், ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஊர்ச்சங்கங்கள் வெளியிட்ட மலர்களிலும் சிதறிக் கிடக்கின்றது. அம்மலர்களை இலக்கியத் தரமற்றவை என்று நமது நூலகங்கள் சேர்க்காது விட்டுள்ளன.